காற்றுப் பம்போடு வந்த அண்ணனுக்கும் கூட நின்ற எல்லோருக்கும் நன்றி

அன்புள்ள மதுரை மக்களுக்கு,

வளிமண்டலமும் காலநிலையும் பற்றிய நம் ஆசிரியர் பயிற்சி நல்லபடியாக முடிந்தது. இன்னும் படபடப்பு முழுதாக அடங்கவில்லை. கடைசி நேரத்தில் சோதனைகளுக்கான கருவிப் பெட்டி வராமல் போனது உங்களுக்கே தெரியும், அந்தக் கதையை முழுதாகத் திரும்ப எழுதப் போவதில்லை.

ஒருவரைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். செல்லூர்ப் பக்கம் சைக்கிள் கடை வைத்திருக்கும் அண்ணன். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

கருவிப் பெட்டி வராது என்று தெரிந்ததும், காற்றுப் பம்பு ஒன்றை இரவல் கேட்கத்தான் அவரிடம் போனோம். எதற்கு என்றார். பாட்டிலுக்குள் மேகம் வரவைக்க என்றோம். சரி என்று தலையாட்டினார், அவ்வளவுதான். மறுநாள் காலை கடையைத் திறக்காமல் பம்பும் பையுமாக எங்களிடமே வந்துவிட்டார். பைக்குள் பழைய டியூபுகளிலிருந்து வெட்டியெடுத்த காற்றடிக்கும் வாய்கள், வால்டியூப், பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன். சூடாக்கிய போக்ஸ் கம்பியால் தண்ணீர் பாட்டில் மூடிகளில் துளை போட்டு, காற்று கசியாமல் பொருத்தி, ஒவ்வொரு குழுவுக்கும் ஒன்று செய்து கொடுத்தார். காசு வாங்கவில்லை.

பாட்டிலில் கொஞ்சம் தண்ணீர், ஒரு ஊதுபத்தியின் புகை. மூடிவிட்டுக் காற்றை அடித்து ஏற்றி, சட்டென்று மூடியைத் திறந்தால் உள்ளே வெள்ளை மேகம். மறுபடி மூடிக் காற்றடித்தால் அது மறைந்துவிடும். புகை இல்லாமல் செய்தால் மேகம் சரியாக வராது, நீராவி ஒட்டிக்கொள்ளத் துகள் வேண்டும் அல்லவா. வருஷக்கணக்காகக் கரும்பலகையில் படம் போட்டே இதை நடத்திவந்தவர்கள் கைதட்டினார்கள்.

அப்போது அண்ணன் பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். நல்ல சூடு. “காத்த அமுக்குனா சூடாகும், தொறந்துவிட்டா குளுந்துரும். தெனமும் கையில படுறதுதான டீச்சர்?” என்றார். நாங்கள் அன்று முழுக்க நடத்த வைத்திருந்த பாடமே அதுதான். மேலே போகப் போக அழுத்தம் குறைகிறது, காற்று விரிந்து குளிர்கிறது. ஈரம் நீர்த்துளியாக மாறாத காற்று ஒரு கிலோமீட்டர் ஏறினால் சுமார் 10 டிகிரி குளிரும், இறங்கினால் அதே அளவு சூடேறும். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறி, அந்தப் பக்கமே மழையைக் கொட்டிவிட்டு, நம் பக்கம் இறங்கும்போது வறண்டு சூடாகி வருகிறது. கேரளம் நனையும் ஜூன், ஜூலையில் நாம் காய்ந்துகிடந்து, ஐப்பசி மழைக்குக் காத்திருப்பது இதனால்தான். பம்பைத் தொட்டுப் பார்த்த பிள்ளைக்கு மலை மறைப்பதால் மழை குறையும் ‘மழை மறைவுப் பகுதி’ என்பதை மனப்பாடம் செய்ய வேண்டியிருக்காது.

அப்படியானால் பூமி சூடாவதும் இதனால்தானா என்று ஓர் ஆசிரியர் கேட்டார். அருமையான கேள்வி. இல்லை, அது கார்பன் டை ஆக்சைடு போன்ற வாயுக்கள் வெப்பத்தைப் பிடித்துவைப்பதால் வருவது. 1856இல் யூனிஸ் ஃபூட் என்ற அமெரிக்கப் பெண்மணி கண்ணாடிக் குழாய்களை வெயிலில் வைத்துப் பார்த்தபோது, கார்பன் டை ஆக்சைடு நிரப்பிய குழாய்தான் அதிகம் சூடேறியது, ஆறவும் அதிக நேரம் பிடித்தது. அவர் கையிலும் ஒரு காற்றுப் பம்பு இருந்தது என்று சொன்னதும் எல்லோரும் அண்ணனைத் திரும்பிப் பார்த்தார்கள். ஹவாயின் மௌனா லோவா எரிமலையில் 1958இல் அளக்கத் தொடங்கியபோது காற்றில் பத்து லட்சத்துக்குச் சுமார் 315 பங்காக இருந்த அந்த வாயு, இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. இதைப் பிள்ளைகளுக்குச் சரியாகச் சொல்லிக்கொடுக்கும் கடமை நமக்கு இருக்கிறது.

இடம் திறந்துவிட்டவர்கள், சாப்பாடு போட்ட அக்காமார், பாய் விரித்த மாணவர்கள், ராத்திரி முழுக்க ஆட்களுக்குப் போன் போட்ட நண்பர்கள், விடுமுறையையும் விட்டு வந்த ஆசிரியர்கள், உங்கள் ஒவ்வொருவருக்கும் கைகூப்பி நன்றி.

அண்ணே, உங்களுக்கு ஒரு வாக்கு. அந்த மூடிகளைப் பீரோவில் பூட்டிவைக்க மாட்டோம். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் பயிற்சிக்கு வந்தவர்கள் எல்லோரும் தங்கள் வகுப்பில் இந்தச் சோதனையைச் செய்துவிடுவோம். முதல் வகுப்பில் நீங்களே காற்றடித்துக் காட்ட வேண்டும். கடைக்கு லீவு விட வேண்டியதில்லை, பிள்ளைகளை அங்கேயே கூட்டிவருகிறோம்.

நன்றியுடன்,
பயிற்சிக் குழுவின் சார்பில்,
ஓர் அறிவியல் ஆசிரியை