38 ஸ்லைடு வேண்டாம், கண்ணு

உடுமலைப்பேட்டை
ஞாயிறு காலை

அன்புள்ள கண்ணுக்கு,

ஸ்பின்னிங் மில்லில் கரண்டை மிச்சம் பிடித்துத் தரும் வேலையைக் கேட்டு, முதலாளிக்குக் காட்ட நீ தயார் செய்து அனுப்பிய பிரசென்டேஷனை இரண்டு தடவை பார்த்துவிட்டேன். கணக்கில் பெரிதாகக் குறை இல்லை. ஆனால் 38 ஸ்லைடு! முதல் ஒன்பதில் உன் படிப்பு, எனர்ஜி ஆடிட்டர் சான்றிதழ், 2001-ஆம் வருடத்து எரிசக்தி சேமிப்புச் சட்டம், புவி வெப்பமாதல். மில் முதலாளி கேட்க உட்கார்ந்த விஷயம் பத்தாவது ஸ்லைடில்தான் தலைகாட்டுகிறது. அதற்குள் பஞ்சு புரோக்கரிடமிருந்து அவருக்கு இரண்டு போன் வந்திருக்கும்.

சட்டத்தை முதலில் தூக்கிவிடு. ஜவுளி ஆலைகளில் வருடத்துக்கு 3,000 டன் எண்ணெய்க்குச் சமமான எரிசக்தியைச் செலவழிக்கிறவர்களுக்குத்தான் எனர்ஜி ஆடிட் கட்டாயம். கரண்டு யூனிட் கணக்கில் அது சுமார் மூன்றரைக் கோடி. நீ போகப்போகிற மில்லில் நாளுக்கு 10,000 கிலோ நூல். கிலோவுக்கு 4 யூனிட் போட்டாலும் 350 நாளைக்கு 1.4 கோடி யூனிட்தான் வரும். உன்னைக் கூப்பிட வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. சட்டத்தைக் காட்டினால், "நமக்கு இது பொருந்தாதுங்களே" என்று அவரே உனக்கு வழியைக் காட்டிவிடுவார்.

அங்கே பணத்தைப் பேசு, அதையும் அவர்கள் பாஷையில் பேசு. வருடத்துக்கு இத்தனை டன் கார்பன் என்பது அவர் காதில் ஏறாது. கிலோ நூலுக்கு இத்தனை பைசா என்றால் நிமிர்ந்து உட்காருவார். ஒரு ஓட்டையை எடுத்துக்கொள். 7 பார் அழுத்தத்தில் ஓடும் காற்று லைனில் 3 மில்லிமீட்டர் ஓட்டை என்றால், அதற்கு மட்டும், காற்றை அழுத்தி அனுப்பும் கம்ப்ரசர் சுமார் மூன்றரை கிலோவாட் இழுக்கும். வருடத்துக்கு 8,400 மணி நேரம் ஓடும் மில்லில் அது 29,400 யூனிட். யூனிட்டுக்கு 8 ரூபாய் வைத்தால் 2,35,000 ரூபாய். நூலுக்குப் பிரித்தால் கிலோவுக்கு ஏறக்குறைய 7 பைசா. ஒரு ஓட்டைக்கே இவ்வளவு. அந்த ஓட்டையின் போட்டோ, பக்கத்தில் இந்த ஒரு வரி, அவ்வளவுதான் உன் முதல் ஸ்லைடு. போட்டோ அவருடைய மில்லிலேயே எடுத்ததாக இருக்க வேண்டும். இணையத்தில் எடுத்த படத்தைப் போட்டால் மெயின்டனன்ஸ்காரர் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்.

அந்தப் போட்டோ எடுப்பதற்கு நீ முன்னாலேயே உள்ளே போயிருக்க வேண்டும். இந்தத் தொழிலின் சூட்சுமமே இங்கேதான் இருக்கிறது. புரொஜெக்டர் போடுவதற்கு ஒரு வாரம் முன்பே வேலை உனக்கா இல்லையா என்பது முக்கால்வாசி முடிந்துவிடும். முடிவு செய்கிறவர் முதலாளி என்று நீ நினைக்கிறாய். நீ வெளியே வந்ததும் அவர் திரும்பிக் கேட்பது எலக்ட்ரிகல் இன்ஜினீயரிடம்: "என்னங்க, இந்தப் பொண்ணு சொல்றது சரிதானா?" அந்த மனுஷனை முதல் முறையாக அந்த அறையில்தான் பார்க்கிறாய் என்றால் பதில் என்னவாக இருக்கும்? பத்து வருடமாக அவர் பார்த்துக்கொள்கிற கம்ப்ரசர் ரூமில் கால்வாசிக் காற்று வீணாகிறது என்று முதலாளி முன்னால் போட்டுக் காட்டினால், அது அவர்மேல் புகார் எழுதிக் கொடுத்த மாதிரி. "நாங்க ஏற்கெனவே பார்த்துட்டோம் சார், அவங்க கணக்கு நம்ம மில்லுக்கு வராது" என்று ஒரு வார்த்தையில் மூடிவிடுவார். அவரைத் தப்பு சொல்ல முடியாது.

அதனால் அவரோடு சேர்ந்து அள. லீவு நாளில் போ. தீபாவளி, பொங்கல், மே தினம் மாதிரி நாட்கள் தவிர இந்த மில்கள் பெரும்பாலும் நிற்காது. காற்று வாங்கும் மெஷின்கள் எல்லாம் நின்றபிறகு ஒரு கம்ப்ரசரை மட்டும் ஓட்டி, லோடில் (காற்றை அழுத்தும்போது) எத்தனை நிமிடம், அன்லோடில் (அழுத்தாமல் சும்மா ஓடும்போது) எத்தனை நிமிடம் என்று குறியுங்கள். லோடு 2 நிமிடம், அன்லோடு 6 நிமிடம் என்றால், 2-ஐ 8-ஆல் வகுத்தால் 25 சதவீதம். அவ்வளவும் கசிவு. ஒரு தடவை பார்த்து நம்பாதே, ஐந்து சுற்று எடுத்துச் சராசரி போடு. எண்களை அவர் கையாலேயே எழுதச் சொல். பிறகு ஸ்லைடில் "எலக்ட்ரிகல் டிபார்ட்மென்டுடன் சேர்ந்து எடுத்த அளவு" என்று தேதியோடு போடு. அவர் இரண்டு வருடமாகக் கேட்டும் கிடைக்காத சாமான் ஏதாவது இருக்கும்: காற்றின் ஓட்டத்தை அளக்கும் ஒரு ஃப்ளோ மீட்டர், காற்றைச் சேர்த்து வைக்கும் ஒரு ரிசீவர் டேங்க். அது நிஜமாகவே தேவை என்றால் உன் பரிந்துரையில் அவர் கேட்டதாகவே வரட்டும். தேவையில்லாததை மட்டும் எழுதாதே.

நூல் உற்பத்தியைப் பார்த்துக்கொள்ளும் ஸ்பின்னிங் மாஸ்டரின் பயம் வேறு. அவருக்குக் கரண்டு பில் ஒரு பொருட்டே இல்லை, நூல் அறுந்தால்தான் தூக்கம் போகும். மில்லுக்குள் ஈரக் காற்றை அனுப்பும் ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட் ஃபேனுக்கு, மோட்டார் வேகத்தை மாற்றும் வி.எஃப்.டி. போட்டு வேகத்தை 80 சதவீதத்துக்கு இறக்கினால் கரண்டு பாதியாகும் என்று எழுதியிருக்கிறாய். 0.8-ஐ மூன்று தடவை பெருக்கினால் 0.512, ஆக கணக்கு சரி. ஆனால் கோடையில் வேகத்தை இறக்கி ஸ்பின்னிங்கில் ஈரப்பதம் 55-60 சதவீதத்துக்குக் கீழே போனால் அறுப்பு ஏறும். அப்புறம் நீ மிச்சம் பிடித்துக் கொடுத்ததைக் கழிவுப் பஞ்சு தின்றுவிடும். வருடம் முழுக்க 80 என்று சொல்லாதே. ஈரப்பத சென்சாரோடு இணைத்து, எந்த மாதங்களில் எவ்வளவு இறக்கலாம் என்று மாதவாரியாகக் காட்டு. சேமிப்புத் தொகை குறைந்து தெரியும். தெரியட்டும். அறுப்பைப் பற்றி அவர் கேட்கும் முன் நீயே பேசிவிட்டால், பாதி எதிர்ப்பு அங்கேயே கரைந்துவிடும்.

உன் கணக்கில் மூன்று இடங்களில் அடி வாங்குவாய். அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று, கூட்டல். கசிவை அடைத்தால் 20 சதவீதம், அழுத்தத்தை 1 பார் குறைத்தால் 7 சதவீதம், ஆக 27 என்று போட்டிருக்கிறாய். முதலாவதைச் செய்தபின் மிச்சம் இருப்பது 80. அதில் 7 சதவீதம் 5.6. மொத்தம் 25.6. வித்தியாசம் சின்னது. ஆனால் கணக்கு மேனேஜர் ஒருவர் கால்குலேட்டரோடு அதே மேஜையில் இருப்பார்.

இரண்டாவது, மாக்ஸிமம் டிமாண்ட், அதாவது மில் ஒரே நேரத்தில் இழுக்கும் உச்சபட்ச கரண்டு. நம் ஊரில் ஹெச்.டி. (உயர் அழுத்த இணைப்பு) பில்லில், பதிவான டிமாண்ட் அல்லது ஒப்பந்த டிமாண்டில் 90 சதவீதம், எது அதிகமோ அதற்குத்தான் பணம். 1,000 கே.வி.ஏ.வுக்கு ஒப்பந்தம் வாங்கியிருக்கிற மில்லில் பதிவு 850 என்றால் இப்போதே 900-க்குக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். நீ 850-ஐ 800 ஆக்கினால் ஒரு ரூபாய்கூடக் குறையாது, ஒப்பந்த டிமாண்டைத் திருப்பிக் கொடுத்தால் ஒழிய. 22-ஆவது ஸ்லைடில் இதைச் சேமிப்பாகக் காட்டியிருக்கிறாய், எடுத்துவிடு. இன்னொன்று: "எம்.டி.யைக் குறைக்கணும்" என்று பேச்சில் சொல்லித் தொலைக்காதே. அந்த அறையில் எம்.டி. என்றால் மேஜையின் தலைப்பக்கம் உட்கார்ந்திருக்கும் மேனேஜிங் டைரக்டர்.

மூன்றாவதுதான் பெரியது: காற்றாலை. கோயம்புத்தூர், திருப்பூர் பக்கத்து மில்களில் நிறையப் பேருக்குப் பல்லடத்திலோ உடுமலையிலோ முப்பந்தலிலோ சொந்தக் காற்றாலை இருக்கிறது. நீ எல்லா யூனிட்டுக்கும் 8 ரூபாய் போட்டால், "ஆனி ஆடியில என் காத்தாடி யூனிட்டே மிச்சம் கிடக்குது, அதுக்கும் எட்டு ரூபாயா?" என்று கேட்பார். அந்த ஒரு கேள்வியில் மொத்தப் பிரசென்டேஷனும் சாய்ந்துவிடும். பன்னிரண்டு மாத பில்லையும் முன்கூட்டி வாங்கி, மின்வாரிய யூனிட் எவ்வளவு, காற்றாலை எவ்வளவு, சோலார் எவ்வளவு என்று பிரி. சேமித்த யூனிட்டுக்குக் காற்றுச் சீசனில் ஒரு விலை, சீசன் அல்லாத மாதங்களில் ஒரு விலை என்று போடு.

இதெல்லாம் சரியானால் ஏழு ஸ்லைடு போதும். ஓட்டை, இப்போதைய நிலை, சேர்ந்து அளந்த அளவு, செய்ய வேண்டியவை, முதலீடும் எத்தனை மாதத்தில் திரும்பும் என்பதும், உற்பத்திக்கு என்ன ஆபத்து, அடுத்த 30 நாளில் யார் என்ன செய்வது. இருபது நிமிடத்தில் முடி, மீதி நேரம் அவர்கள் பேசட்டும். எழுத்து 28 பாயின்டுக்குக் கீழே போகக்கூடாது. மில் போர்டு ரூமில் ஜன்னல் திரை சரியாக மூடாது, புரொஜெக்டரும் மங்கியிருக்கும். அட்டவணையை ஐந்து பிரதி பிரின்ட் எடுத்துப் போ. வி.ஜி.ஏ., ஹெச்.டி.எம்.ஐ. இரண்டுக்கும் கனெக்டர், பென் டிரைவில் பி.டி.எஃப்., ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். தமிழில் பேசு. ஆங்கிலத்தில் ஆரம்பித்தால் முதலாளியின் மகன் மட்டும்தான் கேள்வி கேட்பார், மற்றவர்கள் தலையாட்டிவிட்டுப் பிறகு பின்னாலிருந்து மறுப்பார்கள்.

இனி ஆட்களைச் சேர்ப்பது. "எந்தச் சங்கத்தில் சேரட்டும்ப்பா" என்று கேட்டாய். சிறுதொழில்காரர்களின் கொடிசியா, மில்காரர்களின் சைமா, ஜவுளி ஆராய்ச்சி நடத்தும் சிட்ரா மூன்றும் கோயம்புத்தூரிலேயே இருக்கின்றன, வருடக்கணக்காக வேர்விட்டவை. சிட்ராவில் டெக்னீஷியன்களுக்கும் அலுவலர்களுக்கும் நடக்கும் பயிற்சிகளுக்கும் கூட்டங்களுக்கும் போ. விற்கப் போகாதே, கற்கப் போ. கேள்வி நேரத்தில் ஒரே ஒரு நல்ல கேள்வி கேட்டாலே டீ இடைவேளையில் இரண்டு பேர் தேடி வருவார்கள். சைமா நடத்தும் ஜவுளி இயந்திரக் கண்காட்சியான டெக்ஸ்ஃபேருக்கு முதல் நாள் காலையில் போய்ப் பிரயோஜனம் இல்லை, ஸ்டால்காரர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. கடைசிக்கு முந்தின நாள் மதியத்துக்கு மேல் போ. காலை ஏழு மணிக்குக் கூடி ஆளுக்கு ஒரு நிமிடம் பேசும் பரிந்துரைக் குழுக்களுக்குப் பணம் கட்டுவது உன் தொழிலுக்கு வீண் என்பது என் எண்ணம். அங்கே மில்காரர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள்.

உனக்கு வேலை கொண்டுவருகிறவர்கள் வேறு ஆட்கள். கம்ப்ரசர் சர்வீஸ் மெக்கானிக், மோட்டார் காயில் கட்டுகிற பட்டறைக்காரர், பேனல் போர்டு செய்கிறவர், மில்லின் கணக்கு ஆடிட்டர், தொழிற்கடன் பார்க்கும் பேங்க் ஆபீசர். மாதத்தில் நாலு தடவை மில்லுக்குள் போய் வருகிறவர்கள் இவர்கள்தான். எங்கே மோட்டார் அடிக்கடி எரிகிறது, எங்கே புதிதாக இரண்டாவது கம்ப்ரசர் வாங்க யோசிக்கிறார்கள் என்று முதலில் தெரிவது இவர்களுக்கு. இரண்டாவது கம்ப்ரசர் வாங்கப்போகிற மில்தான் உனக்குச் சரியான மில். கசிவை அடைத்தால் அந்தச் செலவே மிச்சமாகலாம்.

இப்படி நாற்பது பேரை ஒரு நோட்டில் எழுது; இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை ஒவ்வொருவருக்கும் பேசு. வெறுமனே "எப்படிங்க இருக்கீங்க" என்று இல்லாமல், அவருக்கு ஆகிற ஒரு விஷயத்தோடு பேசு: பில் விதியில் வந்த மாற்றம், அவர் பட்டறைக்கு ஒரு வேலை. குட்மார்னிங் படம் அனுப்புகிறவர்களை எல்லோரும் மியூட்டில்தான் வைத்திருக்கிறார்கள். கமிஷன் மட்டும் வாங்காதே, கொடுக்கவும் செய்யாதே. வி.எஃப்.டி. விற்கிறவரிடம் நீ ஐந்து சதவீதம் வாங்கியது சாயங்காலத்துக்குள் அவிநாசியிலிருந்து பல்லடம் வரை தெரிந்துவிடும். அதன்பிறகு உன் அளவை யார் நம்புவார்?

உன்னை அறிமுகப்படுத்தும்போது "எனர்ஜி ஆடிட்டர்" என்று தொடங்காதே. ஆடிட்டர் என்றாலே இங்கே வருமான வரிதான். "ஸ்பின்னிங் மில்லுல கம்ப்ரசரும் ஃபேனும் தேவைக்கு மேல எவ்வளவு கரண்டு இழுக்குதுன்னு அளந்து சொல்றேனுங்க" என்று சொல், போதும். கல்யாண வீட்டில் கார்டு நீட்டாதே. "யார் வீட்டுப் பொண்ணு?" என்று கேட்டால் ஊரைச் சொல், என் பெயரையும் சொல்லிக்கொள், வேலையை அவர்களாகக் கேட்டால் மட்டும் பேசு. சொந்தக்காரர் மில்லில் முதல் வருடம் வேலை எடுக்க வேண்டாம். பீஸ் கேட்க நாக்கு எழாது, அவர்களும் கொடுக்க மறந்துவிடுவார்கள்.

பீஸ் விஷயத்தில், "மிச்சமாவதில் இத்தனை சதவீதம்" என்ற ஏற்பாட்டுக்கு உடனே தலையாட்டாதே. அவர்கள் 40-ஆம் கவுண்ட் (கவுண்ட் ஏற ஏற நூல் மெலியும்) ஓட்டிக்கொண்டிருந்து அடுத்த மாதம் 60-க்கு மாறினால் கிலோவுக்கான யூனிட் தானாக ஏறும். நீ மிச்சம் பிடித்தது கணக்கில் காணாமல் போகும். குறிப்பிட்ட தொகையாகப் பேசு, பாதி முன்பணம், மீதி ரிப்போர்ட் கொடுத்ததும். அவர்களே சதவீதம்தான் என்று நின்றால், எந்த கவுண்ட் ஓடினாலும் 40-ஆம் கவுண்டுக்கு மாற்றிய யூனிட் கணக்கில்தான் ஒப்பிட வேண்டும் என்று எழுதி வாங்கு. சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவை இந்த வாரமே முடி, கட்டணம் இல்லை. அது இருந்தால், 2006-ஆம் வருடத்துச் சிறுதொழில் சட்டப்படி அதிகபட்சம் 45 நாளில் அவர்கள் பணம் தந்தாக வேண்டும். சட்டத்தைக் காட்டிச் சண்டை போட வேண்டாம், பில்லில் பதிவு எண்ணைப் போட்டாலே கணக்கு மேனேஜருக்குப் புரியும்.

பேசி முடித்த அன்று சாயங்காலமே வாட்ஸப்பில் நாலு வரி அனுப்பு: என்ன பேசினோம், யார் என்ன தர வேண்டும், எந்தத் தேதிக்குள். எலக்ட்ரிகல்காரர் பெயர் அதில் முதலில் இருக்கட்டும்.

செவ்வாய்க்கிழமை போட்டோ எடுக்க மில்லுக்குள் போகும்போது துப்பட்டாவை மடித்துப் பின் குத்திக்கொள், ஷூ போடு. இப்போது எந்த கவுண்ட் ஓடுகிறது என்று நாளைக்கே போன் போட்டுக் கேட்டு வைத்துக்கொள். முதல் ஸ்லைடை மாற்றி, 22-ஆவதை எடுத்துவிட்டு, செவ்வாய் ராத்திரி எட்டு மணிக்குள் அனுப்பினால், படுப்பதற்கு முன் பார்த்துவிடுவேன்.

அன்புடன்,
அப்பா