இரவில் வரும் படபடப்பு குறித்து நண்பனுக்கு

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள் என்பதை ஒரு பக்கம் முழுக்க எழுதிவிட்டு, நள்ளிரவில் நெஞ்சு படபடத்து விழித்துக்கொள்வதைக் கடைசி இரண்டு வரிகளில் போகிற போக்கில் சொல்லியிருக்கிறாய். எல்லாம் மனக்கவலைதான் என்று நீயே தீர்ப்பும் எழுதிவிட்டாய். கவலை காரணமாக இருக்கலாம். ஆனால் மற்றக் காரணங்கள் இல்லை என்று தெரிந்த பிறகே அப்படிச் சொல்ல வேண்டும்.

உறக்கத்தில் இதயம் இயல்பாகவே நிதானப்படும். விழித்து ஓய்வாக இருக்கையில் நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை இருக்கும் துடிப்பு, ஆழ்ந்த உறக்கத்தில் பலருக்கு 60க்கும் கீழே இறங்கிவிடும். அந்த நிலையிலிருந்து திடீரென எழுவதால்தான், பகலில் மாடிப்படி ஏறும்போது நாம் பொருட்படுத்தாத வேகம் இருட்டில் நம்மை அச்சுறுத்துகிறது.

வேகம் எவ்வளவு என்பதைவிட, அது எப்படித் தொடங்கி எப்படி முடிகிறது என்பதையே உன்னிடம் கேட்க விரும்புகிறேன். சட்டென்று தொடங்கி, 150ஐத் தாண்டி ஒரே சீராக ஓடி, சட்டென்று நின்றுவிட்டால், இதயத்தின் மின்பாதையில் கோளாறு இருக்க வாய்ப்புண்டு. தாளம் தப்பி, முன்னும் பின்னுமாகத் துடித்தால் அது, இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றித் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனாக இருக்கலாம்; கவனிக்காமல் விட்டால் இதயத்துக்குள் ரத்தம் உறைந்து, பக்கவாதம் வரைக்கும் கொண்டுபோய் விடக்கூடியது என்பதால் நம் வயதில் அதை அலட்சியம் செய்யலாகாது. மெல்ல ஏறி மெல்ல இறங்குகிறதென்றால் கெட்ட கனவு, காய்ச்சல், ரத்தசோகை, தைராய்டு மிகையாகச் சுரப்பது என்று வேறு பக்கம் தேட வேண்டும். நீ சொல்லும் மனக்கவலையும் இந்த வரிசையில் உண்டு; உறக்கத்தில் வரும் பீதி பெரும்பாலும் கனவில்லாத உறக்கத்திலிருந்தே ஆளை எழுப்பி, சில நிமிடங்களில் உச்சத்தைத் தொட்டுத் தணிந்துவிடும். ஆகவே அடுத்த முறை மணிக்கட்டில் நாடியைப் பிடித்து, சீராக இருக்கிறதா என்று பார்த்து, நேரத்தோடு குறித்து வை.

சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவன் நீ. வியர்வையும் நடுக்கமும் சேர்ந்து வந்தால் அப்போதே சர்க்கரையைச் சோதித்துப் பார். 70க்குக் கீழே இருந்தால் உடனே இனிப்பாக ஏதாவது உட்கொண்டு, மறுநாளே மருத்துவரிடம் மருந்தின் அளவைப் பற்றிப் பேசு.

என் செய்தியும் இதையொட்டியதே. என் குறட்டைக்கு நடுவே மூச்சே நின்றுபோவதாக மனைவி சொன்னதன்பேரில் பரிசோதித்தார்கள். மூச்சு தடைபட்டு ஆக்சிஜன் குறையும்போது உடல் அட்ரினலினைச் சுரந்து எழுப்பிவிடுமாம். நெஞ்சு அடித்துக்கொள்வது அதனால்தானாம். இப்போது மூச்சுப்பாதை அடைபடாதபடி காற்றை அழுத்தத்தோடு செலுத்தும் கருவியின் முகமூடியோடு உறங்குகிறேன். போர் விமானியோடு குடித்தனம் நடத்துவதாக மனைவிக்குக் கேலி. நீ குறட்டை விடுகிறாயா என்று உன் வீட்டிலும் கேட்டுப் பார். இந்த வழக்கில் தூங்குகிறவனின் சாட்சியம் செல்லாது.

பகலில் எடுத்த ஈசிஜி சரியாக இருந்ததென்று ஆறுதல் கொள்கிறாய். படபடப்பு இல்லாத நேரத்தில் எடுத்த பதிவு, படபடப்பைப் பற்றி என்ன சொல்லிவிடும்? 24 அல்லது 48 மணி நேரம் உடலிலேயே பொருத்தி வைக்கும் ஹோல்ட்டர் பதிவு தேவையா என்று மருத்துவரிடம் கேள். தைராய்டு, ஹீமோகுளோபின், பொட்டாசியம் ஆகியவற்றையும் பார்க்கச் சொல். இரவு நேரக் காபியை இன்றே நிறுத்தலாம், அதற்கு யார் அனுமதியும் வேண்டாம். ஆனால் படபடப்போடு நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ மயக்கமோ வந்தால், விடியட்டும் என்று காத்திராமல் அந்த இரவிலேயே மருத்துவமனைக்குப் போய்விடு.

நாடியைப் பற்றி நீ குறித்து வைப்பதையும், மருத்துவர் சொல்வதையும் அடுத்த கடிதத்தில் எழுது. இம்முறை முதல் பக்கத்திலேயே எழுது.

அன்புடன்,
உன் பழைய நண்பன்