பங்கு வாங்குமுன் ஒப்பந்தத்தைப் படி, கண்ணு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே டர்பனில், நம் சாட்ஸ்வொர்த்தில் எல்லாரும் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, கால் வலிதான் விட்டபாடில்லை. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் நலம்தானே?

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்ன விஷயம் மனதிலேயே இருக்கிறது. வருட போனஸ் முழுவதையும் ஒரே கம்பெனியின் பங்கில் போடப் போவதாகச் சொன்னாய். அந்தக் கம்பெனிக்குச் சுங்கச் சாலையில் பங்கு, நகர பஸ் கம்பெனியில் பங்கு, ரயில் திட்டம் ஒன்றிலும் பங்கு இருக்கிறதாம். "காலையில் நான் போகும் ரயிலில் நிற்கக்கூட இடமில்லை அம்மா, நஷ்டம் எப்படி வரும்?" என்று கேட்டாய். குழந்தை அழ ஆரம்பித்ததால் பேச்சு பாதியில் நின்றுவிட்டது. பதிலை எழுதியே விடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பொதுப் போக்குவரத்தில் பணம் போட வேண்டும் என்று உனக்குத் தோன்றியதில் எனக்கு நிஜமாகவே சந்தோஷம். நான் பஸ் கம்பெனியில் கணக்கு எழுதிச் சம்பாதித்த பணத்தில்தான் உனக்குப் பள்ளிச் சீருடை வாங்கினோம். விக்டோரியா தெரு பஸ் நிலையத்திலிருந்து தையல் ஆலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் மார்க்கெட்டுக்கும் ஜனங்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை மரியாதையான வேலை. அதில் உன் காசு இருந்தால் நல்லதுதான். ஆனால் வண்டியில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதைப் பார்த்துப் பங்கு வாங்கக் கூடாது. காசு யார் கொடுக்கிறார்கள், எத்தனை வருஷத்துக்குக் கொடுப்பார்கள், அந்தக் காசு உன் கைக்கு வரும் வழியில் யாருடைய கடன் குறுக்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.

நீ தினமும் ஏறும் ரயிலையே, நம் தென்னாப்பிரிக்காவின் கௌட்ரெயினையே எடுத்துக்கொள். 2006-ல் ஒப்பந்தம் போட்டார்கள். 2010 ஜூனில், உலகக் கால்பந்துக் கோப்பைக்குச் சில நாள் முன்பு, ஜோகன்னஸ்பர்க்கின் சாண்ட்டனிலிருந்து விமான நிலையத்துக்கு ஓட ஆரம்பித்தது. 80 கிலோமீட்டர் பாதை, 10 நிலையங்கள், மணிக்கு 160 கிலோமீட்டர் வேகம். அதைக் கட்டி நடத்தும் உரிமை பொம்பேலா என்ற கூட்டுக் கம்பெனிக்குக் கிடைத்தது. இவ்வளவு கூட்டமிருந்தும் டிக்கெட் காசு மட்டும் போதவில்லை. வருமானம் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் மீதியைக் கௌட்டெங் மாகாண அரசு கட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது. அப்படி மாகாணம் கட்டிய தொகை பல ஆண்டுகளில் 100 கோடி ராண்டைத் தாண்டியிருக்கிறது. 2020-ல் கொரோனா ஊரடங்கில் ரயில் காலியாக நின்ற காலத்திலும் இந்த உத்தரவாதம்தான் அந்தக் கம்பெனியைத் தாங்கியது. பங்குதாரருக்கு வந்த லாபத்தில் பெரும்பகுதியை நிலைநிறுத்தியது அந்த ஒப்பந்தப் பத்திரம், நெரிசல் இல்லை.

சரி, பத்திரம் இருக்கிறதே, அப்புறம் என்ன பயம் என்பாய். இரண்டு பயம் இருக்கிறது.

ஒன்று, பத்திரத்துக்கு முடிவு தேதி உண்டு. பொம்பேலாவின் உரிமை 2026 மார்ச் வரைக்கும்தான் என்று ஆரம்பத்திலேயே எழுதிவிட்டார்கள். தேதி வந்ததும் பாதை, சுரங்கம், நிலையம் எல்லாம் மாகாணத்தின் கைக்குப் போக வேண்டும், பங்குதாரருக்கு ஒரு தண்டவாளம்கூட மிஞ்சாது என்பதுதான் ஏற்பாடு. ஒரு கணக்கு போட்டுப் பார். 100 ராண்டுக்கு ஒரு பங்கு வாங்குகிறாய். வருஷத்துக்கு 12 ராண்ட் டிவிடெண்ட், அதாவது லாபப் பங்கு, வருகிறது, வங்கி வட்டியைவிட அதிகம் என்று மனசு குளிர்கிறது. அரசு அதில் 20 சதவீதம் வரி பிடித்துக்கொள்ளும். கைக்கு வருவது 9 ராண்ட் 60 சென்ட். ஒப்பந்தம் இன்னும் 8 வருஷம்தான் என்றால் மொத்தம் 76 ராண்ட் 80 சென்ட். முதலே திரும்பவில்லை! டிவிடெண்ட் என்ற பெயரில் உன் பணத்தையே கொஞ்சம் கொஞ்சமாக உனக்குத் திருப்பித் தருகிறார்கள். எப்போதும் ஓடும் வியாபாரத்தின் 12 சதவீதமும், எட்டு வருஷத்தில் கடையை மூடும் வியாபாரத்தின் 12 சதவீதமும் ஒன்றா? உன் கம்பெனியின் ரயில் பங்குக்கு இன்னும் எத்தனை வருஷம் மீதி என்று உன் ஆபீஸ் நண்பர் சொன்னாரா? அதைக் கேள்.

இரண்டாவது பயம்தான் எனக்குப் பெரியது. நீ வாங்கப் போவது ரயிலை இல்லை, ரயிலுக்கு மேலே உட்கார்ந்திருக்கும் தாய்க் கம்பெனியை. மரே அண்ட் ராபர்ட்ஸ் என்ற பெயரை நீ கேட்டிருப்பாய். 1902-ல் ஆரம்பித்த பழைய கட்டுமானக் கம்பெனி. துபாயில் கப்பல் பாய் மாதிரி நிற்கும் ஓட்டலைக் கட்டியதில் அவர்களுக்கும் பங்குண்டு. பொம்பேலாவில் 50 சதவீதம் அவர்களிடம் இருந்தது. அவர்கள் கையிலிருந்த சொத்துகளில் ஒழுங்காகக் காசு கொடுத்த நல்ல சொத்து அது. ஆனால் அவர்களுக்கு ஆஸ்திரேலியாவில் க்ளஃப் என்றொரு கம்பெனியும் இருந்தது. பெரிய பெரிய திட்டங்களை எடுத்து, செலவு கைமீறிப்போய், 2022 டிசம்பரில் அது, திவாலாகும் கம்பெனியைக் கவனிக்க நியமிக்கப்படும் வெளி நிர்வாகிகளின் கைக்குப் போனது. இங்கே வங்கிக் கடன் கழுத்தை நெரித்தது. கடனை அடைக்க எதை விற்றார்கள் தெரியுமா? அந்த நல்ல சொத்தைத்தான். பொம்பேலா பங்கை இன்டர்டோல் என்ற கம்பெனிக்குச் சுமார் 138 கோடி ராண்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். அதற்கு அப்புறமும் தப்ப முடியவில்லை. 2024 நவம்பரில் வணிக மீட்பு நடவடிக்கைக்கு, அதாவது கடனில் மூழ்கும் கம்பெனியைக் காப்பாற்றப் பார்க்கும் சட்ட வழிக்குப் போனார்கள், ஜோகன்னஸ்பர்க் சந்தையில் பங்கு வர்த்தகமும் நின்றது. ரயில் அன்றும் நேரத்துக்கு ஓடியது, கண்ணு. அதை நம்பி அந்தப் பங்கை வைத்திருந்தவர்களுக்குத்தான் ஒன்றும் வரவில்லை.

அதனால் வருடாந்திர அறிக்கையைத் திறந்தால் படம் போட்ட பக்கங்களைத் தள்ளிவிட்டு, கடன் பற்றிய குறிப்புக்குப் போ. ரயில் திட்டத்தின் கடன் அந்தத் திட்டத்தோடு நிற்கிறதா, தாய்க் கம்பெனி ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறதா என்று அங்கே எழுதியிருப்பார்கள். மற்ற வியாபாரங்களின் கடனுக்கு இந்த ரயில் பங்கை அடமானம் வைத்திருக்கிறார்களா என்பதும் அங்கேதான் இருக்கும். சின்ன எழுத்தில், கடைசிப் பக்கங்களில்.

கட்டுவதும் சொந்தமாக வைத்து நடத்துவதும் வேறு வேறு தொழில் என்பதையும் கவனி. மொரீஷியஸில் மெட்ரோ எக்ஸ்பிரஸைக் கட்டியது இந்தியாவின் லார்சன் அண்ட் டூப்ரோ. இந்திய அரசின் நிதி உதவி, மொரீஷியஸ் அரசின் ரயில். இவர்கள் கட்டிக் கொடுத்துக் கூலி வாங்கினார்கள், டிராமில் எத்தனை பேர் ஏறினாலும் அந்தக் கவலை அவர்களுக்கு இல்லை. அதே கம்பெனி ஹைதராபாத்தில் 69 கிலோமீட்டர் மெட்ரோவைத் தானே சொந்தமாகக் கட்டி 2017-லிருந்து நடத்தியது. தினமும் லட்சக்கணக்கானோர் ஏறியும் கடனுக்கு வட்டி கட்டியே நஷ்டம். 2025-ல் தெலங்கானா அரசு கடனோடு சேர்த்து அதை எடுத்துக்கொள்ளச் சம்மதித்தது. கட்டும் திறமை ஒன்றுதான், பணத்தின் கதை இரண்டு இடத்திலும் வேறு.

பஸ் பக்கம் எனக்கு நன்றாகத் தெரிந்த பக்கம். ராத்திரி கண்டக்டர்கள் கொண்டுவரும் காசுப் பைகளை மேசையில் கொட்டி, சில்லறையை அடுக்கி, டிக்கெட் கணக்கோடு சரிபார்ப்போம். விரலெல்லாம் கறுத்துப் போகும். அந்தக் காசு டீசலுக்கும் டயருக்கும் போய்விடும். சம்பளம் வர வேண்டியது அரசு மானியத்திலிருந்து. அது தாமதமானால் முதலாளி வங்கிக்கு ஓடுவார், கணக்கில் இருப்பதற்கு மேல் எடுத்த ஓவர்டிராஃப்ட் கடனுக்கு வட்டி ஏறும். கணக்குப் புத்தகத்தில் லாபம் இருக்கும், பெட்டியில் காசு இருக்காது. 1988-ல் போக்குவரத்துக் கட்டுப்பாட்டைத் தளர்த்தும் சட்டம் வந்ததும் மினிபஸ் டாக்சிகள் பெருகின. நம் ஆட்கள் தலைமுறையாக நடத்திய பஸ் கம்பெனிகள் ஒவ்வொன்றாகத் தேய்ந்ததை நான் கண்ணால் பார்த்தேன். பாதை அதே பாதை, ஜனமும் அதே ஜனம், ஏறும் வண்டிதான் மாறியது.

இன்றைக்குப் பஸ்ஸில் பணம் போட வேண்டுமென்றால் கேப் டவுனின் கோல்டன் ஆரோவைக் கவனித்துப் பார். தொடக்கம் 1861 வரை போகிறது, குதிரை டிராம் காலம். 2004-ல் ஹோஸ்கன் குழுமம் வாங்கியது, 2018-லிருந்து அதன் தாய்க் கம்பெனி சந்தையில் இருக்கிறது, இப்போது ஃபிரன்டியர் டிரான்ஸ்போர்ட் என்று பெயர். மானியம் வருவது 1997-ல் போட்ட இடைக்கால ஒப்பந்தத்தின் வழியாக. அதைத் திரும்பத் திரும்ப நீட்டித்துக்கொண்டே வருகிறார்கள். அது பலமா பலவீனமா என்று நானே பல தடவை யோசித்திருக்கிறேன். என் கணக்கில் பலவீனம்தான், ஏனென்றால் நீட்டிப்பு கேட்பவன் கை எப்போதும் கீழேதான். 2018 ஏப்ரலில் நாடு முழுக்க பஸ் ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்து ஏறக்குறைய ஒரு மாதம் வண்டி ஓடவில்லை. 2023 ஆகஸ்ட் டாக்சி வேலைநிறுத்தத்தில் கேப் டவுனில் பஸ்களைக் கொளுத்தினார்கள். இதெல்லாம் பங்கு விலைப் பட்டியலில் தெரியாது. இருந்தாலும், வண்டிகள் சொந்தம், வேலை புரிந்த நிர்வாகம், அளவான கடன் என்று இருந்தால் இந்த மாதிரி சலிப்பான பஸ் கம்பெனியைத்தான் நான் பளபளப்பான பெரிய திட்டங்களுக்கு மேலே வைப்பேன்.

இன்னொன்று. உன் ஓய்வூதிய நிதியின் அறிக்கையையும் எடுத்துப் பார். 2023 ஜனவரியிலிருந்து அந்த நிதிகள் 45 சதவீதம் வரை உள்கட்டமைப்பில் போடலாம் என்று விதி வந்திருக்கிறது. சாலையும் ரயிலும் ஏற்கெனவே உன் பெயரில் கொஞ்சம் இருக்கலாம். அதன் மேல் போனஸையும் அங்கேயே கொட்டினால் எல்லாம் ஒரே அரசின் கஜானாவை நம்பி நிற்கும். மாகாணத்துக்குப் பணத் தட்டுப்பாடு வந்தால் மானியமும் தாமதம், உன் ஆஸ்பத்திரிச் சம்பள உயர்வும் தாமதம். இரண்டும் ஒரே மாதத்தில் வந்தால் வீட்டுக் கடனை எப்படிக் கட்டுவாய்?

அதனால் நான் சொல்வது இதுதான். போனஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இதில் போடாதே. மீதியில் ஆறு மாத வீட்டுச் செலவைத் தனியாக வை, மற்றதை வரியில்லாச் சேமிப்புக் கணக்கில், பல கம்பெனிகளில் பிரித்துப் போடும் பரவலான நிதி ஒன்றில் போடு. மாப்பிள்ளையிடமும் இதைப் படித்துக் காட்டு, அவர் வேறு மாதிரி நினைத்தால் எழுதச் சொல், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

அந்தக் கம்பெனியின் கடைசி மூன்று வருஷ அறிக்கைகளை எனக்கு அனுப்பு. அச்சடித்து அனுப்பினால் நல்லது, போன் திரையில் எண்கள் தெரிவதில்லை. மானிய ஒப்பந்தம், கடன் குறிப்பு, பஸ்களின் வயது மூன்றையும் பார்த்துப் பென்சிலில் குறித்துத் திருப்பி அனுப்புகிறேன். அதுவரை வாங்காதே. தைப்பூசக் காவடிக்கு எல்லாரும் வந்துவிடுங்கள், பேத்திக்குப் பாவாடை தைத்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா
டர்பன்