மழை திரும்பிய பிறகு தெரியும் வறட்சி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வறட்சியில் பூக்கள் குறைந்து தேனீக்களும் குறைகின்றன என்று தங்கள் ஞாயிறு பதிப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். சரிதான், ஆனால் நம் தோட்டப்புறத்தில் காரியம் அத்தனை நேராக நடப்பதில்லை. டுரியானும் ரம்புத்தானும் சில வாரம் வெயில் காய்ந்தால்தான் நன்றாகப் பூக்கும் என்பதால், மரம் நிறையப் பூவைப் பார்த்துவிட்டு வறட்சி ஒன்றும் செய்யவில்லை என்று நாம் ஏமாந்து போகிறோம்.

எண்ணெய் எடுக்கும் செம்பனையில் இந்த ஏமாற்றம் இன்னும் பெரிது. தண்ணீருக்கு ஏங்கிய மரம் குலை தரும் பெண் பாளையைக் குறைத்து ஆண் பாளையையே அதிகம் தள்ளும். பாளை ஆணா பெண்ணா என்பது அது விரிவதற்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே முடிவாகிவிடுவதால், இன்றைய வெயிலின் குலைக்குறைவு நல்ல மழைக்காலத்தில்கூட வந்து நிற்கும். அப்போது தோட்டத்து எழுத்தரான கிராணி உரத்தைக் குறை சொல்வார், குலை வெட்டுபவர் கிராணியைக் குறை சொல்வார். 1981-இல் கேமரூனிலிருந்து செம்பனைப் பூவில் மகரந்தம் சேர்க்கும் வண்டைக் கொண்டுவந்து விடும்வரை, மகரந்தத்தை டால்க் மாவில் கலந்து பாளை பாளையாகத் தூவும் வேலைக்குப் பெண்களை அனுப்பினார்கள். என் தாயாரும் அந்த நிரைகளில் நடந்தவர். அந்த வண்டு முட்டையிடுவது ஆண் பூவில் என்பதால், ஆண் பாளை மிகுந்தால் அதற்கு வீட்டுக் கவலை இல்லை.

எல்லாப் பூச்சிக்கும் அந்த அதிர்ஷ்டம் கிடையாது. 1998-ஆம் ஆண்டு வறட்சியில் சரவாக்கின் லம்பீர் மலைக் காட்டில் அத்தி மரங்கள் சில காய்ப்பதை நிறுத்திவிட, அத்திக் காய்க்குள் முட்டையிட்டு ஓரிரு நாளே வாழும் அத்திக் குளவிகளில் சில இனங்கள் அங்கே அடியோடு இல்லாமல் போயின. மரம் மறு மழைக்குக் காத்திருக்கும், குளவியால் முடியாது.

எங்கள் தோட்டத்துச் சாலையோரத்தில், செம்பனை ஓலையைத் தின்னும் கூண்டுப்புழுவை அழிக்கும் குளவிகளுக்குத் தேன் கிடைக்கட்டும் என்று நட்ட டர்னேரா செடிகள் வரிசையாக நிற்கின்றன. வெள்ளை இதழும் நடுவில் கருநிற வட்டமுமாகக் காலையில் விரிந்து நண்பகல்வரை நிற்கும் அந்தப் பூ, சென்ற வெயிலில் பத்து மணிக்கே சுருண்டுவிட்டது. கெலுலுட் எனும் கொடுக்கில்லாத் தேனீக்கள் மூடிய இதழைச் சுற்றிச் சுற்றி வந்து பறந்து போனதை நின்று பார்த்தேன். தண்ணீர் குறைந்த செடி தேனையும் குறைத்துத்தான் சுரக்கும். அந்த வாரமே குத்தகைக்காரரின் ஆட்கள் புல் மருந்தடித்து, இருந்த கொஞ்சத்தையும் பழுப்பாக்கிவிட்டுப் போனார்கள்.

மருந்தடிப்பதே தவறென்று நான் சொல்லவில்லை. முப்பது ஆண்டு வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோராக இருந்து நானும் அடிக்கச் சொன்னவன்தான். வெயில் மாதங்களில் மட்டும் சாலையோரப் பூச்செடிகளை விட்டுவைத்து, மழை பிடித்த பிறகு அந்தப் பக்கம் தெளிக்கும்படி தோட்ட நிர்வாகங்களும் நகராண்மைக் கழகமும் தங்கள் குத்தகைத் தாளில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

இவண்,
ஓய்வுபெற்ற மண்டோர்,
சுங்கை சிப்புட், பேராக்