மணிக்கூட்டை விட்டிட்டு மீனின்ரை தடிப்பைப் பார்

அன்புள்ள மகளுக்கு,

ஓவனிலை வைக்கிற கொட் மீன் ஒருநாள் தண்ணியாக் கிடக்கு, மற்றநாள் நார்மாதிரிக் காய்ஞ்சு போகுது எண்டு சொன்னனீ. அது ஓவனின்ரை பிழை இல்லை, பிள்ளை. குழம்பு வைக்கிற பழக்கத்திலை நீ அதைச் செய்யிறாய். குழம்பிலை விளைமீனோ கலவாயோ ஐஞ்சு நிமிசம் கூடக் கிடந்தாலும் சுத்திவர நீர் இருக்கு. தோலும் முள்ளும் சதையைப் பிடிச்சு வைச்சிருக்கும். நீ வாங்கிறது தோல், முள் எடுத்த, கொழுப்புக் குறைஞ்ச வெறுஞ் சதை. ஓவனுக்குள்ளை சுடுகாத்து மட்டுந்தான். இரண்டு நிமிசம் கூடினாலே வித்தியாசம் தெரியும்.

உறைஞ்ச மீனை முதல்நாள் இரவே பிரிட்ஜின்ரை கீழ்த்தட்டிலை வை. காத்து இழுத்து அடைச்ச பை எண்டால் கட்டாயம் வெட்டித் திறந்துபோட்டு வை. காத்தில்லாத இடத்திலை நஞ்சு உண்டாக்கிற கிருமி ஒண்டு இருக்கு. சுடுதண்ணியிலை போட்டு இளக்காதை, வெளிப்பக்கம் வெளிறிப்போய் நடு கல்லாக் கிடக்கும்.

பிறகு உப்புத் தண்ணி. ஒரு லீற்றர் குளிர்தண்ணிக்கு 50 கிராம் உப்பு, 15 நிமிசம். அதுக்கு மேலை விட்டால் உப்புக் கரிக்கும். வெந்த துண்டுக்கு மேலை வெள்ளையாத் தயிர்க்கட்டி மாதிரி ஒண்டு கசிஞ்சு நிக்குமே, அது சதையிலை இருந்து பிதுங்கி வாற புரதம். உப்புத் தண்ணியிலை கிடந்த மீனிலை அது நல்லாக் குறையும், ஈரமும் உள்ளை நிக்கும். எடுத்துக் கடதாசித் துவாயாலை இரண்டு பக்கமும் ஒத்து. விரல் வைச்சால் வழுக்காமல் சாதுவாய் ஒட்டவேணும், அதுதான் அளவு. இதிலை அவசரப்பட்டால்தான் தட்டு முழுக்கத் தண்ணி நிக்கிறது.

தேசிக்காயை முன்னமே பிழிஞ்சு ஊறவிடாதை. புளி, நெருப்பில்லாமலே சதையை வெளிறப்பண்ணி மாவாக்கிப்போடும். இறக்கினாப்போலை பிழி. 150 கிராம் துண்டு நாலுக்கு இரண்டு மேசைக்கரண்டி நல்லெண்ணெய், கால் தேக்கரண்டி மஞ்சள், ஒரு தேக்கரண்டி மிளகுதூள், இரண்டு பல்லு உள்ளி. உள்ளியை அரைச்சுப் பூசு, வெட்டிப் போட்டால் கருகிக் கைக்கும். நாங்கள் அனுப்பின கறித்தூள் ஏற்கெனவே வறுத்து இடிச்சது, அதாலை அரைத் தேக்கரண்டியோடை நிப்பாட்டு. உப்புத் திருப்பிப் போடவேண்டாம்.

ஓவன் 400 பாரன்ஹைட்டுக்கு முழுசாச் சூடேறினாப் பிறகுதான் மீன் உள்ளை போகவேணும். காத்தாடி சுத்திற ஓவன் எண்டால் 375. துண்டுகளுக்கு நடுவிலை இரண்டு விரல் இடைவெளி விடு. ஈயத்தாளாலை மூடினால் அது அவியல், மேல் சிவக்காது.

நேரத்தை நிறுவையிலை பார்க்காதை. ஆகத் தடிச்ச இடம் ஒரு அங்குலம் எண்டால் 10 தொடக்கம் 12 நிமிசம், அரை அங்குலம் எண்டால் 6, 7 நிமிசம். ஒரே துண்டிலை தோள்ப்பக்கம் தடிப்பு, வால்ப்பக்கம் மெல்லிசு. வாலை மடிச்சு அடியிலை செருகிவிட்டால் இரண்டும் ஒண்டா வேகும். சொன்ன நேரத்துக்கு இரண்டு நிமிசம் முந்தியே பார். ஆகத் தடிச்ச இடத்திலை முள்ளுக்கரண்டியைக் குத்திச் சாதுவாத் திருப்பு. சதை இதழ் இதழாக் கழரும், கண்ணாடி மாதிரி இருந்த நடு வெள்ளையாகியிருக்கும். இழுத்தால் விடாமல் நிண்டால் இன்னும் இரண்டு நிமிசம். உதிர்ந்து தூளாப் போனால் பிந்திப்போச்சு. வெப்பமானி வைச்சிருந்தால் 145 பாரன்ஹைட். உடனை தட்டாலை மாத்து, சூட்டுத் தட்டிலை விட்டால் அடிப்பக்கம் தொடர்ந்து வேகும்.

தட்டிலை நிக்கிற சாறைக் கொட்டாதை. சொதி இறக்கேக்கை அதுக்குள்ளை விடு. மிஞ்சின மீனைத் திருப்பிச் சூடாக்கினால் றப்பர்தான். பிரிட்ஜிலை வைச்சு அடுத்தநாள் உதிர்த்து, வெண்காயம், பச்சைமிளகாய், தேசிக்காய்ப் புளியோடை பிரட்டிப் புட்டோடை சாப்பிடு.

அன்புடன்,
அம்மா
யாழ்ப்பாணம்