கரையோரத்தில்தான் மீன்

ஜார்ஜியா, அமெரிக்கா

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். இந்த ஊரில் பேஸ் மீனுக்கு எப்படித் தூண்டில் போடுகிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். குணத்தில் அது நம் விராலுக்குச் சொந்தக்காரன். பாசி, மரக்கட்டை, நிழல் என்று எங்காவது ஒளிந்திருந்து, இரை பக்கத்தில் வந்ததும் பாயும். வாய் கண்ணுக்குப் பின்னால் வரை பிளந்திருக்கும். 1932இல் இதே ஜார்ஜியாவில் ஜார்ஜ் பெர்ரி என்பவர் பிடித்த உலக சாதனை மீன் 22 பவுண்டு 4 அவுன்ஸ், அதாவது பத்து கிலோ. அந்த எடைக்கு 2009இல் ஜப்பானில் ஒரு மீன் சமமாக வந்ததே தவிர, மிஞ்சியதாகப் பதிவில்லை. சாதாரணமாகச் சிக்குவது ஒன்று, இரண்டு பவுண்டுதான்.

இங்கே தனியார் ஏரி என்பது பெரும்பாலும் ஓடையை மறித்து மண்கரை போட்ட குளம். உரிமையாளரிடம் அனுமதி கேட்டுத்தான் இறங்க வேண்டும். அரசு உரிமம் வேண்டுமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கேட் திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி விட்டுவர வேண்டும். அறுந்த தூண்டில் நரம்பைக் கரையில் போட்டுவிட்டு வந்தால் மறுமுறை கூப்பிட மாட்டார்கள்.

கரையில் நிற்கிறவர்கள் நடு ஏரிக்கு வீசுவார்கள், படகில் போகிறவர்கள் கரையைப் பார்த்து வீசுவார்கள். படகுக்காரர்கள் செய்வதே சரி. சிறு மீன்களும் தவளையும் இருக்கும் ஓரத்தில்தான் பேஸும் இருக்கும். அதனால் நேராகத் தண்ணீர் விளிம்புக்குப் போய் நிற்கக்கூடாது. பத்தடி தள்ளி நின்று, விளிம்பிலிருந்து இரண்டு மூன்றடி விட்டு, கரையோடு கரையாக முதல் வீச்சு. அதற்குப் பிறகுதான் விசிறி விரிக்கிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக வெளியே. நடை அதிர்வு தண்ணீருக்குள் போகும். நம் நிழல் தண்ணீரில் விழுந்தாலும் ஓரத்து மீன் கலைந்துவிடும்.

விடியலில் பொய் இரையாக ரப்பர் தவளை. உள்ளே காற்று, முதுகோடு ஒட்டி இரண்டு முள், பாசியில் மாட்டாது. இதற்கு 50 பவுண்டு இழுவை தாங்கும் பின்னல் நரம்பு வேண்டும், இல்லாவிட்டால் மீனைப் பாசியிலிருந்து இழுக்க முடியாது. மீன் பாய்ந்து தண்ணீர் வெடித்ததும் கை தானாக இழுத்துவிடும். அங்கேதான் முக்கால்வாசி மீன் போகிறது. கழியில் கனம் தெரிகிறவரை பொறுத்து, அப்புறம் சுண்ட வேண்டும்.

வெயில் ஏறியதும் ரப்பர் புழு. ஏழடிக் கழி, 15 பவுண்டு நரம்பு, 5 கிராம் ஈயம், 3/0 அளவு முள், ஏழு அங்குலப் புழு. துப்பாக்கிக் குண்டு வடிவ ஈயத்தை, கூர் மேலே பார்க்க, நரம்பில் கோத்துவிட்டு முள்ளைக் கட்டுங்கள். நரம்பை இரட்டையாக்கி முள்ளின் காதில் நுழைத்து, ஒரு முடிச்சு போட்டு, வளையத்துக்குள் முள்ளை விட்டு இழுத்தால் போதும். இறுக்குமுன் எச்சில் தொட்டுக்கொள்ளுங்கள். உலர்ந்த முடிச்சு உரசலில் சூடாகி, மீன் இழுக்கும்போது அறும். பிறகு புழுவின் தலையில் முனையைக் கால் அங்குலம் குத்திப் பக்கவாட்டில் எடுத்து, காது வரை ஏற்றி, முள்ளைத் திருப்பி, முனையை உடம்புக்குள் புதைக்க வேண்டும். புழு நேராகத் தொங்க வேண்டும். வளைந்திருந்தால் தண்ணீரில் சுழன்று நரம்பை முறுக்கிவிடும். தெளிந்த நீருக்குப் பச்சை, கலங்கலுக்குக் கறுப்பு.

வீசியதும் தரைக்குப் போகட்டும். கடி பெரும்பாலும் இறங்கும்போதே வரும், ஆகவே கண் நரம்பில் இருக்க வேண்டும். ஒரு சின்னத் துடிப்பு, அல்லது நரம்பு பக்கவாட்டில் நகர்வது. உடனே தொய்வைச் சுருட்டிச் சுண்டுங்கள். நடுப்பகலில் மண்கரைப் பக்கத்து ஆழமும் உபரிநீர் போகும் குழாயடியும் நல்ல இடங்கள். குளத்தில் வேறு எந்த மறைவும் இல்லாதபோது அந்த ஒற்றைக் குழாயே மீனுக்கு மரம்.

பிடித்ததும் கீழ் உதட்டைக் கட்டைவிரலால் பற்றலாம். பல் அரம் போலச் சொரசொரக்கும், வெட்டாது. பெரியதைத் தாடையில் மட்டும் பிடித்துப் படுக்கையாகத் தூக்கினால் தாடை கெடும். இன்னொரு கையை நனைத்து வயிற்றைத் தாங்க வேண்டும்.

எல்லாவற்றையும் திருப்பி விடுவது புண்ணியம் என்று இங்கே பலர் நினைக்கிறார்கள். சிறு குளத்தில் அது தப்பு. பேஸ் பெருகி இரைமீன் தீர்ந்தால், பிடிப்பதெல்லாம் பெருந்தலையும் ஒட்டிய வயிறுமாகப் பத்துப் பன்னிரண்டு அங்குலத்திலேயே நிற்கும். அந்த அளவை எடுத்துப் பெரியதை விடச் சொல்கிற உரிமையாளருக்குக் குளம் தெரிகிறது என்று அர்த்தம். வசந்தத்தில் ஆண்மீன் முட்டைக்குக் காவல் நிற்கும். அதை மட்டும் சீண்டாமல் விடுவதே நல்லது.

சித்தியிடம் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்

பி.கு.: கரைப் புல்லில் கால் வைக்குமுன் பார்க்க வேண்டும். இம்மாநிலத்தின் தென்பகுதியில் காட்டன்மவுத் என்ற விஷப்பாம்பு உண்டு. வாயைப் பிளந்தால் உள்ளே பஞ்சு வெள்ளை, பெயரும் அதனால்தான்.