கேம் செய்ய: இலவச எஞ்சின், சிக்கும் இடங்கள்

கேம் எஞ்சின் (கேம் உருவாக்கும் மென்பொருள்) மாணவர் சலுகையில் கிடைக்குமா என்று கேட்டவர்களுக்கு: கோடோ (Godot) என்ற எஞ்சினுக்கு அது தேவையே இல்லை. எம்ஐடி எனும் திறந்த உரிமம், கேமை விற்றாலும் பங்கு கேட்காது. கேம்மேக்கர் என்ற எஞ்சின் 2023 முதல், கேமை விற்காதவரை இலவசம். அன்ரியல் எஞ்சினில் ஒரு கேமின் வருமானம் 10 லட்சம் டாலர் தாண்டினால்தான் 5% ராயல்டி (அந்தக் கவலை வந்தால் நல்லதுதான்!).

பழைய லேப்டாப்பில் கோடோ 4 திணறினால், வல்கன் (புதிய கிராபிக்ஸ் முறை) ஆதரவு இல்லாத கிராபிக்ஸ் சிப்பாக இருக்கலாம். புது புராஜெக்ட் தொடங்கும்போதே ரெண்டரரில் (திரையில் படம் வரையும் பகுதி) 'கம்பேட்டிபிலிட்டி' கொடுங்கள், அதற்குப் பழைய கிராபிக்ஸ் முறையான ஓபன்ஜிஎல் 3.3 போதும்.

பிரவுசரில் ஓடவேண்டுமா? கோடோ 4-இல் சி ஷார்ப் (C#) மொழியைத் தொடாதீர்கள், கோடோவின் சொந்த மொழியான ஜிடிஸ்கிரிப்டிலேயே எழுதுங்கள். எக்ஸ்போர்ட் டெம்ப்ளேட்டும் (கேமை வெளியிடும் வடிவில் எடுக்கத் தேவையான கோப்புகள்) எடிட்டரும் ஒரே பதிப்பாக இருக்கவேண்டும்: 4.3 எடிட்டர் 4.2 டெம்ப்ளேட்டை ஏற்காது. எக்ஸ்போர்ட் செய்யும்போது கோப்புக்கு 'இன்டெக்ஸ்' (index.html) என்று பெயர் வையுங்கள். வேறு பெயரென்றால், கேம்களைப் பகிரும் இட்ச் (itch.io) தளத்தில் கேம் திறக்காது. ஸ்டீம் என்ற கேம் விற்பனைத் தளத்தில் ஒரு கேமுக்கு 100 டாலர் கட்டணம், முதல் கேமுக்கு இட்ச்சே போதும்.